ஹார்ட் அட்டாக்குக்கு தடுப்பூசி: நிஜமாவே வருதா, யாருக்கு, எந்த அளவுல இருக்கு?

மழைச்சாரல்27 (கேள்வி)

எல்லாருக்கும் வணக்கம். அப்பாவுக்கு 53 வயசு, போன வருஷம் ஹார்ட் அட்டாக் வந்து ஒரு ஸ்டென்ட் வச்சாங்க, அதுக்கப்புறம் கொழுப்ப குறைக்கிற ஸ்டேட்டின், ரத்தம் உறையாம இருக்க ரெண்டு மாத்திரை, பிபி மாத்திரைன்னு தினமும் போட்டுட்டு நல்லாத்தான் இருக்கார். இப்போ என்னன்னா என் தம்பி குடும்ப குரூப்ல ஒரு வீடியோ போட்டான், 2030க்குள்ள இதய நோய்க்கு தடுப்பூசி வந்துடும், ஒரு ஊசி போட்டா போதும் ரத்தக்குழாய்ல கொழுப்பே படியாதுன்னு. அப்பா அத திரும்பத் திரும்ப பாக்குறார். அதுல இருந்து "இன்னும் கொஞ்ச வருஷம் தானே, அதுக்குள்ள எதுக்கு இவ்வளவு மாத்திரைய முழுங்கி லிவர கெடுத்துக்கணும்"னு ஸ்டேட்டின ஒரு நாள் போடுறார், ஒரு நாள் விடுறார். நான் சொன்னா காதுலயே வாங்க மாட்டேங்குறார், விஷயம் தெரிஞ்சவங்க எழுதினத காட்டினா படிப்பார், அதான் இங்க கேக்குறேன்.

எனக்கு அடிப்படையே புரியல. போலியோ, அம்மை எல்லாம் கிருமி, அதுக்கு ஊசி போடுறோம், சரி. ரத்தக்குழாய் அடைப்பு கிருமியால வர்றதில்லையே, அப்புறம் தடுப்பூசி எத எதிர்த்து வேலை செய்யும்? ஏற்கனவே அடைப்பு வந்தவங்களுக்கு உதவுமா, இல்ல என்ன மாதிரி இன்னும் ஒன்னும் வராதவங்களுக்கா? மனுஷங்களுக்கு போட்டுப் பாத்திருக்காங்களா, பாத்தா என்ன ஆச்சு? கொஞ்சம் விவரமா சொல்லுங்க ப்ளீஸ்.

ஆய்வுக்கூடம்

வணக்கம் சகோ. நான் டாக்டர் இல்ல, இம்யூனாலஜி லேப்ல இதே ரத்தக்குழாய் படிவு பத்தி வேலை பாத்தவன், அதனால அந்தப் பக்கத்த மட்டும் சொல்றேன், மருந்து மாத்திரை பத்தி டாக்டருங்க யாராவது சொல்லட்டும். நீளமா வரும், பொறுமையா படிங்க, அப்பாவுக்கும் காட்டுங்க.

கிருமி இல்லாத நோய்க்கு தடுப்பூசி எப்படின்னு கேட்டீங்கல்ல, அத புரிஞ்சுக்க ரத்தக்குழாய் சுவருக்குள்ள என்ன நடக்குதுன்னு பாக்கணும். கெட்ட கொழுப்புன்னு சொல்ற எல்டிஎல் ஒரு குட்டி உருண்டை, அத சுத்தி அபோபி100னு ஒரே ஒரு பெரிய புரதம், 4536 அமினோ அமிலம் நீளம். இந்த உருண்டைங்க ரத்தத்துல அதிகமா இருந்தா ரத்தக்குழாயோட உள் சுவருக்குள்ள நுழைஞ்சு அங்க இருக்கிற நார்ல ஒட்டிக்குது, ஒட்டின இடத்துலயே ஆக்சிஜனேற்றம் ஆகி உருமாறிடுது. நம்ம இம்யூன் சிஸ்டத்துக்கு அது அப்போ அந்நியப் பொருள் மாதிரி தெரியுது. மேக்ரோஃபேஜ்னு சொல்ற வெள்ளணு உள்ள வந்து அத தின்ன ஆரம்பிக்குது, தின்னுட்டு செரிக்க முடியாம உடம்பு பூரா கொழுப்புத் துளியோட நிக்குது, மைக்ராஸ்கோப்ல பாத்தா செல்லுக்குள்ள நுரை நுரையா தெரியும், அதனாலயே நுரை செல்னு பேரு. அதுங்க செத்து விழுந்த குப்பை, அத சுத்தி டி செல்னு இன்னொரு வகை வெள்ளணுங்க, அதுங்க கக்குற ரசாயனம், எல்லாம் சேர்ந்தது தான் அந்தப் படிவு. கடைசில மேல இருக்கிற மெல்லிசான மூடி கிழிஞ்சு உள்ள இருக்கிறது ரத்தத்துல படுது, உடனே அங்க ரத்தம் உறையுது, அது தான் அட்டாக். ஆக இது கொழுப்பு நோய் மட்டும் கிடையாது, நாள்பட்ட அழற்சி நோயும் கூட. இதுக்கு 2017ல கேன்டோஸ்னு ஒரு பெரிய ஆய்வு வந்துச்சு, ஏற்கனவே அட்டாக் வந்த 10,061 பேர வச்சு பண்ணது. கொழுப்ப தொடவே தொடாம இன்டர்லூக்கின்-1பீட்டாங்கிற ஒரு அழற்சிப் பொருள மட்டும் ஊசில அடக்கினாங்க, 150 மில்லிகிராம் டோஸ்ல அட்டாக், ஸ்ட்ரோக், இதயச் சாவு எல்லாம் சேர்த்து 15% குறைஞ்சுச்சு. ஆனா தொற்றுநோய்ல செத்தவங்க கொஞ்சம் கூடிட்டாங்க, ஏன்னா மொத்த எதிர்ப்பு சக்தியோட ஒரு கைய கட்டிப் போட்ட மாதிரி ஆகிடுது. அதனால தான் மொத்தத்தையும் அடக்காம, எல்டிஎல்ல பாத்தா மட்டும் அமைதியா இருன்னு இம்யூன் சிஸ்டத்துக்கு சொல்லிக் கொடுக்க முடியுமான்னு தேடுறாங்க. தடுப்பூசிங்கிற யோசனைக்கு இங்க தான் இடம் வருது.

இந்த யோசனை புதுசு கிடையாது. 1995லயே சான் டியாகோல ஜோசப் விட்ஸ்டம் குழு, பிறவிலேயே எல்டிஎல்ல ரத்தத்துல இருந்து பிடிச்சு எடுக்கிற ஏற்பி வேலை செய்யாத வாடனாபே முயல்களுக்கு உருமாறின எல்டிஎல்லயே ஊசியா போட்டாங்க. நியாயமா பாத்தா அழற்சி கூடி படிவு அதிகமாகணும்னு தான் தோணும், ஆனா குறைஞ்சுச்சு. அடுத்த வருஷமே லாஸ் ஏஞ்சல்ஸ்ல ப்ரெடிமன் ஷாவும் ஸ்வீடன்காரர் யான் நில்சனும் சேர்ந்த குழு முயல்ல அதே மாதிரி ரிசல்ட் காட்டினாங்க. அப்புறம் முழு எல்டிஎல்ல எடுத்துப் போடுறதுக்கு பதிலா அபோபி100 புரதத்துல இருந்து சின்னச் சின்ன துண்டா வெட்டி எந்தத் துண்டு நல்ல பலன் தருதுன்னு பாத்தாங்க, அதுல பேரு வாங்கினது பி210ங்கிற துண்டு. இதெல்லாம் வேலை செய்யுறதுக்கு ஒரு முக்கியமான காரணம் டிரெக்னு சொல்ற ஒழுங்குபடுத்துற டி செல்லுங்க, அதுங்க பெருகி மத்த செல்லுங்கள அடக்குது.

லேப்ல இத எப்படி அளக்குறோம்னு சொன்னா உங்களுக்கு ஒரு தெளிவு கிடைக்கும். ரத்தத்துல இருந்து கொழுப்ப அகத்த உதவுற அபோஇ மரபணுவ நீக்கின சுண்டெலிங்களுக்கு மாசக்கணக்குல கொழுப்பு கூடின தீனி கொடுத்து, கடைசில பெருந்தமனிய எடுத்து, சுத்தி இருக்கிற கொழுப்ப ஊசி முனை மாதிரி இடுக்கியால சுத்தம் பண்ணி, நீளவாக்குல வெட்டி, கருப்பு மெழுகுத் தட்டுல குட்டி ஊசியா குத்தி விரிச்சு வைப்போம். அப்புறம் ஆயில் ரெட் ஓங்கிற சாயம். படிவு இருக்கிற இடம் மட்டும் செக்கச்செவேல்னு ஆகும், மத்த இடம் வெள்ளையா நிக்கும். ஊசி போட்ட எலியோட தமனியையும் போடாத எலியோடதையும் பக்கத்துல பக்கத்துல வச்சா வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். அந்த படத்த பாத்துட்டு யாருக்கா இருந்தாலும் நம்பிக்கை வரும், எனக்கும் வந்துச்சு, இப்பவும் இருக்கு.

ஆனா எலி மனுஷன் இல்ல. எலியோட கொழுப்பு பெரும்பாலும் நல்ல கொழுப்புன்னு சொல்ற ஹெச்டிஎல்ல தான் ஓடும், நமக்கு எல்டிஎல்ல. எலியோட படிவு நம்மளுது மாதிரி கிழிஞ்சு அட்டாக் வர்றது ரொம்ப அபூர்வம். சுத்தமான கூண்டுல ஒரே வம்சத்துல பொறந்த எலிங்க அதுங்க, நம்ம ஒவ்வொருத்தரோட இம்யூன் சிஸ்டமும் வேற வேற கிருமியப் பாத்து வளர்ந்தது. எலிக்கு ஊசி போடுறது பெரும்பாலும் படிவு வர்றதுக்கு முன்னாடி, மனுஷனுக்கு அது இளம் வயசுலயே தொடங்கிடுது. 1953ல கொரியப் போர்ல இறந்த 300 அமெரிக்க வீரர்களோட இதயத்த அறுத்துப் பாத்தப்ப 77% பேருக்கு இதய ரத்தக்குழாய்ல படிவோட அறிகுறி இருந்துச்சு, சராசரி வயசு 22 தான்! அதனால "வர்றதுக்கு முன்னாடி"ன்னா எந்த வயசுல போடுறதுன்னே ஒரு பெரிய கேள்வி.

உருமாறின எல்டிஎல்ல பிடிக்கிற ஒரு ஆன்டிபாடிய நேரடியா மனுஷங்களுக்கே ஊசியா போட்டு கிளேசியர்னு ஒரு ஆய்வு பண்ணாங்க, 147 பேர், 2015ல வெளியாச்சு. ரத்தக்குழாய் அழற்சிய ஸ்கேன்ல அளந்தாங்க, குறையவே இல்ல. எலில அதே ஆன்டிபாடி நல்லா வேலை செஞ்சது. என் கணக்குல இந்த வழி செத்துப் போகல, டிரெக் செல்லுங்கள வளர்க்கிற வகை இன்னும் மனுஷன்ல ஒழுங்கா சோதிக்கப்படவே இல்லன்னு தான் சொல்லணும். ஆனா இன்னைக்கு தேதிக்கு இந்த வகைல எந்த ஊசியும் யாருக்கும் போட அனுமதி கிடையாது.

தெருவிளக்கு

அந்த 2030 எங்க இருந்து வந்துச்சுன்னு மட்டும் சொல்லிடுறேன். 2023 ஏப்ரல்ல மாடர்னா கம்பெனியோட தலைமை மருத்துவ அதிகாரி பால் பர்ட்டன் ஒரு பேட்டில புற்றுநோய், இதய நோய் எல்லாத்துக்கும் தடுப்பூசி இந்தப் பத்தாண்டு முடியறதுக்குள்ள தயாராகலாம்னு சொன்னார். அது ஒரு கம்பெனி அதிகாரியோட எதிர்பார்ப்பு, ஆய்வு முடிவு இல்ல. அது வீடியோவா மாறி கைமாறி வரும்போது "வந்துடும்"னு ஆயிடுச்சு. அப்பாகிட்ட இத கண்டிப்பா சொல்லுங்க.

டாக்டர்_வெண்பா

மழைச்சாரல், முதல்ல அப்பா விஷயம். ஸ்டென்ட் வச்சு ஒரு வருஷம் தான் ஆகுதுன்னா ரத்தம் உறையாம இருக்கிற மாத்திரைங்கள டாக்டர் சொல்லாம ஒரு நாள் கூட விட வேண்டாம், ஸ்டென்டுக்குள்ளேயே உறைஞ்சா அது உயிருக்கே ஆபத்து. ஸ்டேட்டினும் அதே. எல்டிஎல் ஒவ்வொரு 39 mg/dL குறையும்போதும் பெரிய இதய, ரத்தக்குழாய் பாதிப்பு கிட்டத்தட்ட 22% குறையுதுன்னு 1,70,000 பேரோட தகவல சேர்த்துப் பாத்த 2010 அலசல் காட்டுச்சு. இத்தனை உறுதியான சான்று இருக்கிற மருந்துங்க மருத்துவத்துல ரொம்பக் கம்மி. லிவர் பயம் இருந்தா ஒரு லிவர் டெஸ்ட் எடுத்துட்டா போச்சு, ஸ்டேட்டினால நிஜமா லிவர் கெட்டுப்போறது ரொம்ப அபூர்வம், தசை வலி மாதிரி ஏதாவது தொந்தரவு இருந்தா டோஸ மாத்தலாம், வேற ஸ்டேட்டின் கொடுக்கலாம். அவரா விடக்கூடாது, அவ்வளவு தான்.

இப்போ தடுப்பூசி. ஆய்வுக்கூடம் சொன்னது ஒரு வழி, அழற்சிய அமைதிப்படுத்துறது. இன்னொரு வழி இருக்கு, என்னைப் பொறுத்தவரை அது தான் மனுஷன் வரைக்கும் அதிக தூரம் வந்திருக்கு, பிசிஎஸ்கே9 தடுப்பூசி. நம்ம கல்லீரல் செல்லோட மேல எல்டிஎல் ஏற்பிங்க இருக்கு. தெருவுல குப்பை எடுக்க வர்ற வண்டி மாதிரி அது ரத்தத்துல இருக்கிற எல்டிஎல்ல பிடிச்சு உள்ள கொண்டு போய் கொட்டிட்டு, காலியா திரும்ப மேல வந்து அடுத்த லோடுக்கு நிக்கும், ஒரே ஏற்பி இப்படி நூறு தடவைக்கு மேல போய் வர முடியும். பிசிஎஸ்கே9ங்கிற புரதம் அந்த ஏற்பில ஒட்டிக்கிட்டா அது திரும்ப மேல வராம உள்ளேயே அழிஞ்சிடும். ஏற்பி குறைஞ்சா ரத்தத்துல எல்டிஎல் தேங்கும்.

2003ல பிரான்ஸ்ல பரம்பரை கொழுப்பு இருக்கிற குடும்பங்கள்ல இந்த மரபணு கண்டுபிடிக்கப்பட்டுச்சு. அதுக்கப்புறம் டெக்ஸாஸ்ல ஹெலன் ஹாப்ஸும் ஜோனதன் கோஹனும் நேர் எதிரா ஒன்னு கண்டுபிடிச்சாங்க, பிசிஎஸ்கே9 சரியா வேலை செய்யாம பொறந்தவங்க. 2006ல வந்த ஆய்வுல அந்த மாற்றம் இருக்கிற கறுப்பின மக்களுக்கு எல்டிஎல் 28% கம்மி, இதய நோய் 88% கம்மி! ஏன் எல்டிஎல்ல விட நோய் இவ்வளவு குறைஞ்சதுன்னா, அவங்களுக்கு பொறந்ததுல இருந்தே குறைவு. 50 வயசுல மாத்திரை ஆரம்பிக்கிறதுக்கும் பிறவியிலேயே குறைவா இருக்கிறதுக்கும் அந்த வித்தியாசம். இந்த ஒரு விஷயம் தான் தடுப்பூசி யோசனைக்கே உயிர். பிசிஎஸ்கே9 சுத்தமாவே இல்லாத ஒரு பெண்ணையும் கண்டுபிடிச்சாங்க, எல்டிஎல் வெறும் 14, ஆரோக்கியமா இருந்தாங்க. அதாவது இந்தப் புரதம் இல்லாமலும் மனுஷன் நல்லா வாழலாம்.

2015ல இத பிடிச்சு வைக்கிற ஆன்டிபாடி ஊசிங்க வந்துடுச்சு, ஈவோலோகுமாப், அலிரோகுமாப். எல்டிஎல்ல 60% கிட்ட குறைக்குது, ரெண்டு வாரத்துக்கு இல்ல மாசத்துக்கு ஒரு ஊசி. 27,564 பேர் இருந்த ஃபோரியர் ஆய்வுல எல்டிஎல் 92ல இருந்து 30க்கு இறங்குச்சு, பாதிப்பு 15% குறைஞ்சுச்சு. தடுப்பூசிக்காரங்க கேட்டது, ஆன்டிபாடிய ஃபேக்டரில செஞ்சு வாழ்நாள் பூரா ஊத்துறதுக்கு பதிலா உடம்பையே அத செய்ய வச்சா என்னன்னு.

வியன்னால அஃபிரிஸ் கம்பெனி அத செஞ்சாங்க. பிசிஎஸ்கே9ல ஒரு சின்னத் துண்டு மாதிரியே இருக்கிற பெப்டைட, அதாவது குட்டிப் புரதத் துண்ட, ஒரு கடல் நத்தையோட ரத்தத்துல இருந்து எடுத்த பெரிய புரதத்தோட ஒட்டினாங்க, ஏன்னா உடம்பு தன் சொந்தப் புரதத்த எதிர்க்காது, அந்நியப் புரதத்தோட ஒட்டி வந்தா தான் திரும்பிப் பாக்கும். சுண்டெலில அமோகம், 2017ல வெளியான முடிவுல மொத்த கொழுப்பு 53% குறைஞ்சு, ரத்தக்குழாய் சேதம் 64% குறைஞ்சுச்சு. உலகம் பூரா செய்தி வந்தது. அப்புறம் வியன்னாலயே 72 ஆரோக்கியமான ஆளுங்களுக்கு போட்டு, 2021ல முடிவு வந்தது. ரெண்டு வகை ஊசில ஒன்னு எல்டிஎல்ல சராசரியா 7.2% குறைச்சுச்சு, பூஸ்டர் போட்டதுக்கு அப்புறம் 13% வரைக்கும். இன்னொன்னு ஒன்னும் குறைக்கல. சாதாரண ஸ்டேட்டின் மாத்திரையே 30ல இருந்து 50% குறைக்கும். பாதுகாப்பு பக்கம் பெரிய பிரச்சனை வரலங்கிறது தான் ஆறுதல்.

அதுக்காக முடிஞ்சு போச்சுன்னு நான் நினைக்கல. நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்துல ப்ரைஸ் சாக்கேரியன் குழு, பாக்டீரியாவ தாக்குற க்யூபீட்டா வைரஸோட வெறும் கூட்ட எடுத்து, அதுமேல பிசிஎஸ்கே9 துண்டுங்கள நெருக்கமா நட்டு வச்சிருக்காங்க. அப்படி வரிசையா நெருக்கமா இருக்கிறத பாத்தா இம்யூன் சிஸ்டம் வைரஸ்னு நம்பி பலமா ஆன்டிபாடி செய்யும். 2023ல வெளியான முடிவுல எலிலயும் குரங்குலயும் எல்டிஎல் 30% வரைக்கும் குறைஞ்சிருக்கு. குரங்கு நமக்கு எலிய விட ரொம்ப பக்கம். நான் கண் வச்சு காத்திருக்கிறது இதுக்கு தான்.

மழைச்சாரல்27

ஆய்வுக்கூடம் அண்ணா, டாக்டர் மேடம், ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி, நேத்து ராத்திரி அப்பா பக்கத்துல உக்காந்து சத்தமா படிச்சு காட்டினேன். அந்த 7.2% கேட்டதும் "அவ்வளவு தானா"ன்னு அமைதியாகிட்டார். அவர் ஒன்னு கேக்கச் சொன்னார்: நம்ம உடம்புல இருக்கிற பொருளுக்கு எதிராவே ஊசி போட்டா, நாளைக்கு அது நம்மளையே தாக்க ஆரம்பிச்சா நிறுத்த முடியுமான்னு. எனக்கு இன்னொன்னு, இதெல்லாம் முடியறதுக்கு ஏன் இவ்வளவு காலம், கொரோனா ஊசி ஒரே வருஷத்துல வந்துச்சே?

ஆய்வுக்கூடம்

அப்பா கேட்டது சரியான இடத்துல கேட்ட கேள்வி, இந்தத் துறைல எல்லாருமே பயப்படுறது அதுக்கு தான். இதுக்கு ஒரு பழைய அனுபவமே இருக்கு. அல்சைமர் நோய்க்கு ஏஎன்1792னு ஒரு தடுப்பூசி, மூளைல சேர்ற அமிலாய்டு புரதத்துக்கு எதிரா. எலில பிரமாதம். மனுஷங்களுக்கு போட்டப்ப 300 பேர்ல 18 பேருக்கு மூளைல அழற்சி வந்து 2002ல ஊசி போடுறத நிறுத்திட்டாங்க. ஆன்டிபாடியால வந்ததில்ல, டி செல்லுங்க தாக்கினதால வந்ததுன்னு பின்னாடி கண்டுபிடிச்சாங்க. அந்தப் பாடத்தால தான் இப்போ பிசிஎஸ்கே9 ஊசில ரொம்பச் சின்னத் துண்ட மட்டும் எடுக்குறாங்க, நம்ம சொந்த டி செல்லுங்க அடையாளம் பிடிக்க முடியாத அளவுக்கு சின்னது, ஆன்டிபாடி மட்டும் வரும்.

நிறுத்த முடியுமான்னா, மாத்திரைன்னா இன்னைக்கு விட்டா ரெண்டு மூணு நாள்ல போயிடும், ஊசில வந்த ஆன்டிபாடிய திரும்ப எடுக்க முடியாது, மெல்ல மெல்லத் தானா குறையணும். நல்ல வேளையா இந்த மாதிரி சொந்தப் புரத ஊசில ஆன்டிபாடி மாசக்கணக்குல குறைஞ்சிடுது, ஏன்னா அம்மை மாதிரி நிஜக் கிருமி வந்து திரும்ப ஞாபகப்படுத்தாது. அதே காரணத்தால பூஸ்டர் போட்டுட்டே இருக்கணும். வீடியோல சொன்ன "ஒரு ஊசி போதும்"ங்கிறது இங்கேயே அடிபட்டுப் போகுது. ஆளுக்கு ஆள் ஆன்டிபாடி அளவும் வேறபடும், ஒருத்தருக்கு நல்லா ஏறும், இன்னொருத்தருக்கு ஏறவே ஏறாது. பிபிக்கு இப்படி ஒரு ஊசி வந்தது தெரியுமா? பிபிய ஏத்துற ஆஞ்சியோடென்சினுக்கு எதிரா, அதே க்யூபீட்டா கூட்ட வச்சு, 2008ல 72 பேர்கிட்ட பண்ண ஆய்வுல பகல் நேர பிபி மேல 9, கீழ 4 குறைஞ்சுச்சு. எல்லாரும் சந்தோஷப்பட்டோம். அடுத்து வேற அட்டவணைல போட்டுப் பாத்தப்ப பலன் வரல, கைவிட்டுட்டாங்க.

காலம் ஏன் ஆகுதுன்னா, கொரோனால ஊசி போட்டவங்களுக்கும் போடாதவங்களுக்கும் வித்தியாசம் சில மாசத்துலயே தெரிஞ்சுச்சு, அத்தனை பேருக்கு நோய் வந்துட்டு இருந்தது. இங்க 30 வயசுக்காரங்களுக்கு போட்டா அட்டாக் வருதா இல்லையான்னு தெரிய 25 வருஷம் காத்திருக்கணும். அட்டாக் வந்தவங்களுக்கு போட்டா சீக்கிரம் தெரியும், ஆனா அதுக்கும் ஆயிரக்கணக்கான பேர், பல வருஷம் வேணும், கேன்டோஸ், ஃபோரியர் எல்லாம் எவ்வளவு பேர்னு மேல பாத்தீங்கல்ல. நல்லா இருக்கிற ஆளுக்கு போடுற ஊசிங்கிறதால பாதுகாப்பும் ரொம்ப ரொம்ப உறுதியா இருக்கணும்.

இரவுப்பணி

நான் இதய வார்டுல நர்ஸ். எல்லாரும் வரப்போற ஊசி பத்தியே பேசுறீங்க, ஏற்கனவே இருக்கிற ஊசிய யாரும் சொல்லலையேன்னு தான் எழுதுறேன். ஃப்ளூ தடுப்பூசி. நான் சும்மா சொல்லல. 2018ல கனடாவோட ஒன்டாரியோல பண்ண ஆய்வுல, டெஸ்ட்ல ஃப்ளூ உறுதியான முதல் ஏழு நாள்ல ஹார்ட் அட்டாக் வர்ற வாய்ப்பு ஆறு மடங்குன்னு வந்துச்சு. வார்டுல இருக்கிறவங்களுக்கு இது புதுசே இல்ல, காய்ச்சல், இருமல்னு நாலு நாள் படுத்திருந்துட்டு அஞ்சாவது நாள் நெஞ்சு வலியோட வர்றவங்கள ஒவ்வொரு ஃப்ளூ சீசன்லயும் பாக்குறோம். உடம்பு பூரா அழற்சி ஏறுது, ரத்தம் சீக்கிரம் உறையுது, இதயம் வேகமா துடிக்குது, ஏற்கனவே இருக்கிற படிவு கிழியறதுக்கு இது போதும்.

அப்புறம் 2021ல வந்த ஐயாமி ஆய்வு, ஸ்வீடன்ல ஓலே ஃப்ரோபெர்ட் தலைமைல எட்டு நாட்டுல. பெரும்பாலும் அட்டாக்கோட ஆஸ்பத்திரிக்கு வந்தவங்க, மொத்தம் 2571 பேர். பாதிப் பேருக்கு ஆஞ்சியோ இல்லன்னா அட்மிஷன் ஆன 72 மணி நேரத்துக்குள்ளயே ஃப்ளூ ஊசி, மீதிப் பேருக்கு வெறும் உப்புத் தண்ணி ஊசி. ஒரு வருஷத்துல ஃப்ளூ ஊசி போட்டவங்கள்ல 2.9% இறந்தாங்க, போடாதவங்கள்ல 4.9%. கொரோனா வந்ததால நினைச்ச அளவுக்கு ஆள் சேர்க்க முடியாம பாதில நிறுத்தினாங்க, அப்படி இருந்தும் இவ்வளவு தெளிவா வந்துச்சு. இது படிவ குறைக்கிற ஊசி இல்ல, படிவு இருக்கிறவங்கள காப்பாத்துற ஊசி. டிஸ்சார்ஜ் ஷீட்டுல மாத்திரை எல்லாம் வரிசையா இருக்கும், ஃப்ளூ ஊசிக்கு ஒரு வரி கூட இருக்காது, நானே எத்தனை பேருக்கு பேனாவால கீழ எழுதிக் கொடுத்திருக்கேன்! மழைச்சாரல், அப்பா போட்டிருக்காரான்னு பாருங்க, இல்லன்னா டாக்டர்கிட்ட கேளுங்க, வருஷா வருஷம் போடணும். நிமோனியா ஊசியும் கேளுங்க.

ஆய்வுக்கூடம்

நிமோனியா ஊசின்னதும் ஞாபகம் வருது, 2003ல விட்ஸ்டம் குழுவே இன்னொன்னு காட்டினாங்க. நிமோகாக்கஸ் பாக்டீரியாவோட மேல இருக்கிற ஃபாஸ்ஃபோரில்கோலின்ங்கிற பொருளும் உருமாறின எல்டிஎல் மேல இருக்கிறதும் ஒரே மாதிரி. எலிக்கு நிமோகாக்கஸ் ஊசி போட்டா வர்ற ஆன்டிபாடி எல்டிஎல்லயும் பிடிச்சு, படிவு குறைஞ்சுச்சு. மனுஷன்ல அதே அளவு நடக்குதுன்னு இத வச்சு சொல்ல முடியாது, நுரையீரலுக்காகவே அந்த ஊசி போடலாம், அது தனி.

வழிப்போக்கன்

ஜீன் எடிட்டிங்ல ஒரே ஊசில பிசிஎஸ்கே9ஐ நிரந்தரமா அணைச்சிடுறாங்களே, அத தான் சில பேர் தடுப்பூசின்னு சொல்றாங்களோ?

டாக்டர்_வெண்பா

ஆமா, அந்த வீடியோக்கள்ல ரெண்டையும் குழப்புறாங்க. வெர்வ்னு ஒரு கம்பெனி, கல்லீரல் செல்லுல பிசிஎஸ்கே9 மரபணுல ஒரே ஒரு எழுத்த மாத்துறது. 2023ல பரம்பரை கொழுப்பு இருக்கிற சில பேர்கிட்ட காட்டினாங்க, அதிக டோஸ்ல எல்டிஎல் 39ல இருந்து 55% குறைஞ்சுச்சு. 2024ல முதல் மருந்துல ஒருத்தருக்கு லிவர் என்சைமும் தட்டணுவும் மாறினதால ஆள் சேர்க்கிறத நிறுத்திட்டு, மருந்த கல்லீரலுக்கு கொண்டு போற கொழுப்பு உருண்டைய மாத்தி அடுத்த மருந்தோட போறாங்க, கம்பெனிய 2025ல லில்லி வாங்கிடுச்சு. நிரந்தரம்ங்கிறது தான் அதோட பலமும் பயமும். இது இம்யூன் சிஸ்டத்த பழக்குறது இல்ல, அதனால தடுப்பூசி கிடையாது.

தடுப்பூசிக்கு நிஜமான போட்டி இன்க்ளிசிரான். கல்லீரல் பிசிஎஸ்கே9 செய்யுற கட்டளையையே அறுத்து விடுற ஊசி, முதல்ல ஒன்னு, மூணு மாசத்துல ஒன்னு, அப்புறம் ஆறு மாசத்துக்கு ஒன்னு, எல்டிஎல் பாதியா குறையும். ஐரோப்பால 2020 கடைசில, அமெரிக்கால 2021 கடைசில அனுமதி கிடைச்சாச்சு. வருஷத்துக்கு ரெண்டு ஊசி கையில இருக்கும்போது தடுப்பூசி அத விட சுலபமா, மலிவா, கோடிக்கணக்கான பேருக்கு கொடுக்க முடிஞ்சா தான் அதுக்கு இடம். முடியும்னு நான் நினைக்கிறேன், ஏன்னா பெப்டைடு தடுப்பூசிய கம்மி செலவுல செய்யலாம், 2019ல மட்டும் உலகத்துல 1.79 கோடி பேர் இதய, ரத்தக்குழாய் நோய்ல இறந்திருக்காங்க, அதுல நாலுல மூணு பங்குக்கு மேல வசதி குறைஞ்ச நாடுகள்ல. அவங்க எல்லாருக்கும் மாசா மாசம் ஆன்டிபாடி ஊசி கொடுக்குறது நடக்கிற காரியமா? அதனால தான் 7.2%ன்னு வந்த பின்னாடியும் இந்த வேலைய விடக்கூடாதுன்னு சொல்றேன்.

மழைச்சாரல்27

மேடம், அப்பா இன்னைக்கு காலைல அவரா கேட்டு மாத்திரை போட்டுக்கிட்டார். இரவுப்பணி அக்கா, ஃப்ளூ ஊசி போடல, யாரும் சொல்லவும் இல்ல, அடுத்த வாரம் செக்கப் இருக்கு, கேக்குறேன். கடைசியா ஒன்னு, ஊசிக்காக காத்திருக்காம நானும் தம்பியும் இப்பவே பண்ண வேண்டியது ஏதாவது இருக்கா? எனக்கு 27, அவனுக்கு 24.

டாக்டர்_வெண்பா

இருக்கு. அப்பாவுக்கு 55 வயசுக்கு முன்னாடியே வந்ததால நீங்க ரெண்டு பேரும் இப்பவே லிப்பிட் ப்ரொஃபைல், அதாவது கொழுப்பு அளவு பாக்குற ரத்த டெஸ்ட், எடுங்க. எல்டிஎல் 190க்கு மேல இருந்தா பரம்பரை கொழுப்பான்னு கட்டாயம் பாக்கணும், அப்படின்னா இந்த வயசுலயே மருந்து தொடங்குவாங்க. கூடவே எல்டிஎல் மாதிரியே இன்னொரு கொழுப்பு உருண்டையான லிப்போபுரோட்டீன் ஏ அளவு. அது கிட்டத்தட்ட முழுக்க மரபணுவால வர்றது, வாழ்நாள்ல பெருசா மாறாது, அதனால ஒரு தடவை பாத்தா போதும். அப்பாவுக்கும் அது எடுக்கலன்னா எடுக்கச் சொல்லுங்க, அவருக்கு அதிகம்னா உங்களுக்கும் இருக்க வாய்ப்பு கூடுதல்.

அப்பா செக்கப்ல இப்போதைய எல்டிஎல் எவ்வளவுன்னு கேளுங்க. அட்டாக் வந்தவங்களுக்கு 55க்கு கீழ கொண்டு வரணும்னு ஐரோப்பிய இதய மருத்துவர்கள் சங்கத்தோட வழிகாட்டுதல். ஸ்டேட்டின்ல மட்டும் இறங்கலன்னா எசெட்டிமைப்ங்கிற இன்னொரு கொழுப்பு மாத்திரைய சேர்ப்பாங்க, அதுலயும் இறங்கலன்னா தான் மேல சொன்ன ஊசிங்க. இடைல விட்டு விட்டு போட்டத மறைக்காம டாக்டர்கிட்ட சொல்லச் சொல்லுங்க, இல்லன்னா ரிப்போர்ட்ல எல்டிஎல் கூடி இருக்கிறத பாத்து மருந்து வேலை செய்யலன்னு நினைச்சு தேவையில்லாம டோஸ ஏத்திடுவாங்க.